துப்பு இல்லாத அறை

“மூணாவது அறையில சாவி எங்க இருக்குன்னு ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியல. ஒரு துப்பாவது வைம்மா,” என்றார் மேலாளர்.

“முடியாது சார். எனக்கு யாரும் துப்பு குடுக்கல.”

அவள் உருவாக்கிய விளையாட்டு அது. கையடக்கத் திரையில் பொருள்களைத் தொட்டுத் தொட்டு, நாயகியைப் பதினெட்டு வருடம் பின்னால் அனுப்ப வேண்டும். அங்கே, நேர்முகத் தேர்வுக்குப் போகக் கூடாதென்று மகளை அந்த மூன்றாவது அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருப்பார் அப்பா.

அது அவள் கதைதான். அப்பா ஒளித்து வைத்திருந்ததாக அவள் நம்பிய மாற்றுச் சாவி சுவர்க் கடிகாரத்துக்குள் கிடைத்ததை அவள் எவரிடமும் சொன்னதில்லை. யார் தயவும் இல்லாமல் வெளியே வந்தவள் என்று மட்டும் மார்தட்டிக்கொள்வாள்.

மாலையில் கருவியை அம்மாவிடம் நீட்டினாள். “நீயாவது கண்டுபிடி பார்ப்போம்.”

அம்மா கட்டிலைத் தொடவில்லை, அலமாரியைத் தொடவில்லை. நேரே கடிகாரத்தைத் தொட்டாள். சாவி விழுந்தது.

“எப்படிம்மா?”

“அது கிடக்கட்டும். இந்தக் கடிகாரம் ஏன்டி ஓடுது?”

“ஆட்டம் சுலபமாயிடக் கூடாதுன்னு ஓட விட்டேன்.”

“நல்லா விட்ட போ! நின்னாத்தானே அவ கழட்டிப் பார்ப்பா? அதுக்குத்தானே அன்னிக்கு பேட்டரிய உருவிட்டு சாவிய வெச்சேன். உங்கப்பா பூட்டினா, நான் கையக் கட்டிட்டு நிப்பேனா?”