எண்ணெய் காணாத அச்சு

இதை எனக்கு முதலில் சொன்னவர் சிம்மக்கல் முருகம்மாள். யுத்த காலத்தில் அவருடைய கணவர் வெள்ளைத்துரை, பட்டாளத்துக்கு அலுமினியத் தட்டுகள் செய்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். முன்புறம் பட்டறை, பின்புறம் வீடு.

ஒரு நாள், தட்டு அழுத்தும் இரும்பு அச்சை வெள்ளைத்துரை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் பிசுக்கே ஒட்டவில்லை.

"சோணை! இங்க வாய்யா."

பட்டறையின் மூத்த தொழிலாளியான சோணை வந்து நின்றார்.

"அச்சுல தடவத் தினம் ஒரு ஆழாக்குக் கடலை எண்ணெய் உன் பொறுப்புல அளந்து வைக்கிறேனா, இல்லையா?"

"வைக்கிறீக, முதலாளி."

"அச்சு காஞ்சு கெடக்கே!"

"நான் எண்ணெய் தடவுறதில்ல, முதலாளி. ஒரு மாசத்துக்கு மேலாச்சு."

"அடப்பாவி! வெறும் அச்சுல அழுத்துனா அலுமினியம் இரும்புல அப்பிக்கிடுமே! அடுத்த தகட்டைப் பூனை பிராண்டுன மாதிரி கீறி வச்சிருமே!"

சோணை ஒரு தகட்டை எடுத்து, எண்ணெய் இல்லாமலே அழுத்தி நீட்டினார். ஒரு கீறல் இல்லை.

"எப்பிடிய்யா?"

"அச்சை உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பெறகு உமிச்சாம்பல்ல மெருகேத்துனேன். தகடு இழுபடுற போக்குலயே தேய்க்கணும், முதலாளி, குறுக்க தேய்க்கப்படாது. பத்துத் தட்டுக்கு ஒருக்கா துணியால தொடச்சுட்டா எதுவும் ஒட்டாது. அச்சும் தேயாது."

வெள்ளைத்துரை குனிந்தார். அச்சில் தம் முகம் தெரிந்தது. மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"கெட்டிக்காரன்தான். சரி, மிச்சமான எண்ணெய் எங்க?"

சோணை தரையைப் பார்த்தார்.

"வித்துட்டியா?"

"இல்ல."

"வீட்டுக்குக் கொண்டு போனியா?"

"இல்ல."

"அப்ப ஆவியாப் போச்சாக்கும்!"

அந்நேரம் முருகம்மாள், எண்ணெய் மினுமினுக்கும் பணியாரங்களோடு பின்வாசல் வழியாக வந்தார். வெள்ளைத்துரை ஒன்றை வாயில் போட்டு, அந்த வாயாலேயே தொடர்ந்தார்.

"இந்தா, இவளைப் பாரு. வீட்டுச் செலவுக்கு வாரத்துக்கு ஒரு உழக்கு, ரெண்டே ஆழாக்கு எண்ணெய்தான் குடுக்கேன். அதுலயே எனக்குத் தினமும் பணியாரம்! சிக்கனத்தை இவகிட்டக் கத்துக்க. எண்ணெய், எடுத்த எடத்துக்கே திரும்பி வரணும். ஒரு ஆழாக்குக் குறைஞ்சாலும் உனக்கு இங்க வேலை இல்ல."

சோணை துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நான் வாரேன், முதலாளி."

"நில்லுங்கண்ணே," என்றார் முருகம்மாள். கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, வாரத்துக்கு ஒரு உழக்குல தினமும் பணியாரம் சுடுறது எந்த ஊருலங்க நடக்கும்? அண்ணனோட எண்ணெய்க் கிண்ணத்துல இருந்து எடுத்தவ நான்தான். அவரு பார்த்துட்டாரு. என்னையக் காட்டிக் குடுக்க மனசில்லாமத்தான், எண்ணெய் இல்லாமலே வேலை செய்ய வழி கண்டுபிடிச்சாரு."

பணியாரம் வெள்ளைத்துரையின் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"எம்புட்டு நாளா?"

"தினம் எடுத்த ஆழாக்குக்கு ஒண்ணா அடுக்களைச் சுவத்துல கரிக்கோடு போட்டு வச்சிருக்கேன். முப்பத்தொண்ணு. நீங்க இப்ப மென்னுக்கிட்டு இருக்கிறதுக்கு இன்னும் கோடு போடலை."

மறுநாள் காலை சோணை வந்தபோது, முதலாளியே எண்ணெய்க் குடத்தோடும் ஆழாக்கோடும் காத்திருந்தார்.

"அச்சுக்குத்தான் வேண்டாமே, முதலாளி."

"உன் வீட்டு அடுப்புக்கு வேணும்ல? பிடிய்யா."

சோணையின் முகத்தைப் பாராமலே அளந்து ஊற்றினார்: முந்திய நாள் தொண்டையில் நின்ற பணியாரத்தையும் சேர்த்து முப்பத்திரண்டு ஆழாக்கு, அதாவது சரியாக நான்கு படி.