அமெரிக்கச் சுவர்

அமெரிக்காவில் வீட்டு அலங்காரத்துக்குப் பேர்போன டோரதி டிரேப்பர் அம்மாவின் முத்திரையே பெரிய பெரிய ரோஜாப்பூக்கள்தானாம். படம் கிழிந்துபோன பழைய பத்திரிகையில் இதைப் படித்ததிலிருந்து, போர்ட் பிளேரில் தன் வீட்டு வெறும் சுவர் கிரேசியின் கண்ணை உறுத்தியது. அந்தப் பூவின் ஆங்கிலப் பெயரை வட்டமிட்டு, கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கும் கணவன் தாமஸிடம் நீட்டினாள்.

"நான் கோயிலுக்குப் போயிட்டு, இன்ஜினீயர் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வரேன். அதுக்குள்ள இதைச் சுவர் பூரா வரைஞ்சு வைங்க. அவங்க அசந்துபோகணும்!"

சுவரைப் பார்த்ததும் அசந்துதான் போனார் அந்த அம்மாள்.

"அரே, கிரேசி! முட்டைக்கோஸைக் கண்ணால பார்த்தே எத்தனை நாளாச்சு! மெயின்லேண்டுலேர்ந்து காய்கறிக் கப்பல் வந்துடுச்சா?"

கிரேசி கணவனை முறைத்தாள்.

"என்ன முறைக்கிற? நீ வட்டம் போட்டது 'கேபேஜ் ரோஸ்'தானே? கேபேஜ் போட்டாச்சு," என்றபடி அடுத்த டப்பாவைத் திறந்தான் தாமஸ். "ரோஸ் கலர் அடிக்கிறதுதான் பாக்கி!"