முதுகு ஒன்று தேவை

பரீட்சை என் மகளுக்கு. குப்புறப் படுத்திருந்தது நான்.

பிசியோதெரபி செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு முதுகைக் கூட்டிவர வேண்டுமாம். நித்யஸ்ரீ கூட்டிவர இருந்த தோழிக்குக் காய்ச்சல். வேலம்பாளையம் பனியன் கம்பெனியில் அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு நானே வந்து படுத்துவிட்டேன். ஓவர்லாக் தையல் மிஷினில் இருபது வருடம் குனிந்த முதுகு. அதற்கும் இன்றைக்கு ஒரு மரியாதை.

கட்டிலில் முகம் வைக்க ஒரு ஓட்டை. அது வழியாகத் தெரிந்தது தேர்வு நடத்த வந்த மேடத்தின் பழுப்பு ஷூ மட்டும்தான்.

படுத்திருப்பவர் வாயே திறக்கக் கூடாது என்று மேடம் முதலிலேயே சொல்லிவிட்டார். என்னைத் தெரிந்தவர் போலிருக்கிறது.

இடுப்பருகே, முதுகெலும்பை ஒட்டி அடியில் இருக்கும் தசையைத் தொட்டுக் காட்ட வேண்டும். பேரும் வேலையும் சொல்ல வேண்டும். அதுதான் கேள்வி.

நித்யஸ்ரீ முதலில் வலது பக்கம் தொட்டாள். பிறகு இடது பக்கம். விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வார்த்தை வரவில்லை.

போன தடவை இதே பாடத்தில் கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் போனால் ஒரு வருடம் வீண்.

விடை எனக்கே தெரியும். மல்டிபிடஸ். ஒரு மாதமாக அவள் சத்தம் போட்டுப் படித்ததில், சமையல் செய்துகொண்டிருந்த எனக்கும் மனப்பாடம். மேலே இருக்கும் நீளத் தசைகள் முதுகை நிமிர்த்தும். அடியில் இருக்கும் குட்டித் தசை எலும்பை எலும்போடு பிடித்து நிறுத்தும். துணி வெளியே தெரியும், தையல் உள்ளேதானே இருக்கும் என்று நான்கூடச் சொன்னேன். இன்னொன்றும் படித்தாள்: குப்புறப் படுத்து வலது கையைத் தூக்கினால், இடது பக்கத்து மல்டிபிடஸ் விரலுக்கடியில் புடைக்கும்.

வாயைத்தானே திறக்கக் கூடாது?

கொண்டை ஊசியைச் சரிசெய்கிறவள் போல வலது கையைத் தூக்கினேன். தூக்கியபடியே வைத்திருந்தேன்.

அவள் விரல் ஒருமுறை அழுந்தியது. தொண்டையைச் செருமினாள். பிறகு பேர், வேலை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எல்லாம் கடகடவென்று வந்தது.

பழுப்பு ஷூ "குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தது.

வெளியே டீக்கடையில் தேங்காய் பன் வாங்கி அவள் கையில் வைத்தேன். அம்மா மட்டும் கையைத் தூக்கியிருக்காவிட்டால் உன் கதி என்ன என்று பெருமை அடித்துக்கொண்டேன்.

அவள் சிரிக்கவில்லை.

"நான் பதில மறக்கலம்மா. வலது பக்கம் நல்லா இருக்குது. இடது பக்கம் குழிஞ்சு கெடக்குது. நீ கையத் தூக்கியும் லேசாத்தான் அசைஞ்சுது. இத்தன வருசமா வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னயா நீயி?"

தினமும் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். எல்லா டெய்லருக்கும் இருப்பதுதானே என்று விட்டிருந்தேன்.

அவள் பாஸாகிவிட்டாள். இப்போது தினம் காலையில் பரீட்சை எனக்கு. பாயில் குப்புறப் படுத்து, கைக்குப் பத்து முறை தூக்க வேண்டும். இடது பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். கம்பெனி சூப்பர்வைசர் எவ்வளவோ தேவலை. நான் ஒன்பதில் நிறுத்தினால் இவள் முதலிலிருந்து தூக்கச் சொல்கிறாள்.

நேற்றைக்குத்தான், பத்தாவது தடவையில், "குட்" என்றாள்.