ரூல் தெரியாமல் உட்காராதே

“அம்மா, உன் கையில பதினாறு. சீட்டு போடற டீலர் முன்னாடி பத்து கிடக்கு. என்ன பண்ணுவே?”

“நிறுத்திக்குவேன். இன்னொண்ணு எடுத்தா இருபத்தொண்ணைத் தாண்டித் தோத்துடுவேனே!”

“தப்பு! தாண்டினாலும் பரவாயில்லைன்னு எடுக்கணும். ரூல் தெரியாம மேசையில உட்காரக் கூடாதும்மா. தோலை உரிச்சு அனுப்பிடுவாங்க.”

கோல்பி கடகடவென்று சிரித்தான். சமையலறை மேசையில் சீட்டுக்கட்டு, ஆறிப்போன காபி, பந்தயம் வைக்கக் காசுக்குப் பதிலாக உலர்ந்த பீன்ஸ் கொட்டைகள். எதிரே அவன் அம்மா நாடீன். வயது அறுபத்துமூன்று. முப்பது வருஷம் நெவாடா மலைச்சாலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். பின்சீட்டு வால்களையெல்லாம் கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கியவளுக்கு, பெற்ற மகனை மட்டும் அடக்கத் தெரியவில்லை.

தங்கச் சுரங்கத்தில் அவனுக்கு நல்ல சம்பளம். வெள்ளிக்கிழமை கைக்கு வந்தால் சனிக்கிழமை இருக்காது. ஊரில் இருந்த ஒரே சூதாட்ட விடுதியான கேசினோவில், இந்த இருபத்தொண்ணு ஆடும் பிளாக்ஜாக் மேசை அத்தனையையும் விழுங்கிவிடும். பெண்டாட்டி போனாள், வீடு போனது. குடித்துவிட்டு ஓட்டியதில் லைசென்ஸும் போய், அம்மா வீட்டில் வந்து விழுந்தான். இன்னும் ஒரு மாதம் மகள் ஜோசியின் பராமரிப்புக்குப் பணம் அனுப்பத் தவறினால் சிறைதான் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

நாடீன் அழுது பார்த்தாள். கத்திப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள், “எனக்கும் அந்த ஆட்டத்தைக் கத்துக் கொடுடா. அந்த மேசைக்கு ஒரு முடிவு கட்டணும்” என்றாள்.

கோல்பிக்குத் தலைகால் புரியவில்லை. “நாம ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தா கேசினோவையே காலி பண்ணிடலாம்மா!”

மூன்று வாரம் அவள் விடவில்லை. துணி மடிக்கும்போதும் பாடம், பாத்திரம் கழுவும்போதும் பாடம்.

“ரெண்டு எட்டு வந்தா?”

“பிரிச்சு ஆடணும்.”

“பதினொண்ணு?”

“பந்தயத்தை ரெண்டு மடங்காக்கணும்.”

“உனக்குப் பன்னெண்டு, டீலருக்கு ஆறு?”

“கம்முனு கிடக்கணும். அவனே தாண்டி விழுவான்.”

“கெட்டிக்காரிம்மா நீ!”

“சரி, இப்ப நீ ஆடு. நான் சீட்டு போடறேன்.”

“அது எதுக்கு? டீலருக்குச் சொந்த புத்தியே வேணாம்மா. பதினாறு வரைக்கும் எடுத்தே ஆகணும், பதினேழுல நின்னே ஆகணும். ஆசையும் கிடையாது, ஆத்திரமும் கிடையாது. அதான் கடைசியில அவன் பக்கமே ஜெயிக்குது.”

நாடீன் அவனை உற்றுப் பார்த்தாள். “இது தெரிஞ்சுமாடா வாராவாரம் போறே?”

கோல்பி பீன்ஸை அடுக்கினான். அவள் சீட்டைப் போட்டாள். மூட்டுவலி விரல்களிலிருந்து இரண்டு சீட்டு நழுவித் தரையில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து எடுத்தாள், கலைத்தாள், மறுபடி முதலிலிருந்து போட்டாள். அன்று மட்டும் நாற்பது தடவை.

வெள்ளிக்கிழமை காலையில் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள். “நான் முன்னாடியே போயிடறேன். நீ வேலை முடிஞ்சதும் நேரா அங்க வந்துடு.”

சாயங்காலம் சுரங்கத்து பஸ் கோல்பியைக் கேசினோ வாசலில் இறக்கிவிட்டது. சம்பளம் சட்டைப்பையில் புடைத்துக்கொண்டிருந்தது. ஆடுகிறவர்கள் நடுவே அம்மாவைத் தேடினான். காணவில்லை. சரி, அவள் வருவதற்குள் ஒரு கை பார்க்கலாம் என்று வழக்கமான மேசையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“எந்திரிடா!”

பழகிய குரலாக இருக்கிறதே என்று நிமிர்ந்தான். மேசைக்கு அந்தப் பக்கம், டீலர்களின் கறுப்புச் சீருடையில், மார்பில் பெயர் அட்டையோடு நாடீன் நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னிக்குத்தான் வேலையில சேர்ந்தேன். இங்க வேலை செய்யறவங்க பெத்த பிள்ளைங்க இந்தக் கேசினோவுல ஆடவே கூடாதாம். அடுத்த கேசினோ நூறு மைல், வண்டிச் சாவி என்கிட்ட” என்றவள், சீட்டைக் கலைத்துக்கொண்டே சொன்னாள்: “ரூல் தெரியாம மேசையில உட்காரக் கூடாதுடா, கண்ணு!”