ஒண்ணுமில்லையாம்

"இங்க கொஞ்சம் தொட்டுப் பாரேன். நேத்து இருந்ததைவிட வீங்கின மாதிரி இல்ல?"

தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு அவள் நிமிர்ந்தாள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கணவர் எதிரில் நின்றார். காலையிலிருந்து எத்தனையாவது முறை என்று எண்ணுவதை அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

தொட்டாள். "எலும்புங்க அது. எனக்கும் இருக்கு. எல்லாருக்கும் இருக்கு."

"இடது பக்கம் மட்டும் பெருசா இருக்கே?"

"அப்ப இடது பக்கம் பெரிய எலும்பு."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

லிஃப்ட் மெக்கானிக் அவர். கூட வேலை செய்பவர்கள் வைத்திருந்த பட்டப்பெயர் தெர்மாமீட்டர். இருமினால் நுரையீரல், ஏப்பம் வந்தால் இதயம், தலை வலித்தால் மூளை என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை. பார்த்த டாக்டர்களெல்லாம் ஒன்றுமில்லை என்றுதான் அனுப்பினார்கள். அவர்தான் ஒருவரையும் நம்பியதில்லை. வாசலைத் தாண்டும் முன்பே, "சொல்றார்தான், ஆனா சரியாப் பார்த்த மாதிரி தெரியலையே" என்பார். அடுத்த வாரம் வேறு டாக்டர், அதே பயம்.

இந்த முறை அந்த மாதிரி சட்டென்று முடியவில்லை. வேலை நடுவில் ஸ்பானர் கையை விட்டு நழுவி விழ ஆரம்பித்திருந்தது. உடம்பும் இளைத்துக்கொண்டே போனது. அவருடைய பேன்ட்டுகளை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். நரம்பு டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார், கையில் ஊசி குத்திக் கரண்ட் விட்டுப் பார்த்தார். "எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்துட்டு நானே ஃபோன் பண்றேன்" என்றார். அன்றிலிருந்து குளிக்கப் போனாலும் ஃபோன் அவர் கூடவே போனது.

"டாக்டர் மறந்திருப்பாரோ?" என்றார் ஜன்னல் பக்கமிருந்து.

"மறக்க மாட்டார்."

"மறக்கலேன்னா, என்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறாரோ என்னவோ?"

"நேத்து லீவு நாளுங்க. மனுஷன் நிம்மதியாத் தூங்கியிருப்பார். என்னையும் கொஞ்சம் தூங்க விடுங்களேன்."

கண் எரிந்தது அவளுக்கு. நடுராத்திரியில் எழுப்பி, நாக்கை நீட்டி, "நிறம் மாறியிருக்கா?" என்று கேட்கும் மனிதரோடு யாரால் தூங்க முடியும்? மாற்ற வேண்டிய ஜிப்புகள் ஒரு குவியலாய்க் கிடந்தன. மறுபடி சக்கரத்தைச் சுற்றிவிட்டாள்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது.

அவர் எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. பேச்சு முடிந்து ஃபோனைப் பையில் போட்ட பிறகும் அவர் உடனே திரும்பவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

உள்ளே வந்ததும் அவள் கேட்டாள். "டாக்டரா? என்னவாம்?"

"ஒண்ணுமில்லையாம். எல்லாம் நார்மல். சத்துக் குறைச்சல்தானாம். மாத்திரை தர்றேன்னார்."

கையிலிருந்த துணி மடியில் விழுந்தது. முதலில் மூச்சு வந்தது. அடுத்ததாகக் கோபம் வந்தது, இத்தனை வருஷத்துக்கும் சேர்த்து.

"ஒண்ணுமில்லையா? இதுக்குத்தான் இப்படி என் உயிரை வாங்கினீங்களா? உங்க கழுத்தையும் நாக்கையும் பார்த்துப் பார்த்தே என் பாதி வாழ்க்கை போயிடுச்சு. எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட, சொன்னா உங்களுக்கும் வந்துடும்னு வாயைத் திறந்ததில்லை. இனிமே வலிக்குது, குத்துது, வீங்குதுன்னு என் முன்னாடி வந்து நின்னீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

அவள் மடியில் கிடந்த துணியை அவர் எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

"வாஸ்தவம்தான். உன்னை ரொம்பப் படுத்திட்டேன். இனிமே எதுவும் சொல்லலை, போதுமா?"

இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாயிருக்கிறது என்று குடித்தார். தைத்து முடித்த சட்டைகளைத் தானே மடித்து வைக்க உட்கார்ந்தார். கழுத்துப் பக்கம் கை போகவே இல்லை. வீடு அமைதியாக இருந்தது. அவள் மெஷின் மேல் தலைசாய்த்து ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டாள்.

சாயங்காலம் வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"டாக்டர் பேசினாராம்மா?"

"பேசிட்டார்டி. ஒண்ணுமில்லையாம். எனக்கு இப்பத்தான் மூச்சே வருது."

"அப்பாடா!" மகள் சிரித்தாள். "சரி, அடுத்து எந்த டாக்டர்கிட்ட போகணுமாம்? ஆரம்பிச்சிருப்பாரே?"

"அட, அதுதான் இல்ல! இந்தத் தடவை சொன்னதை அப்படியே நம்பிட்டார். ஒரு 'ஆனா'கூட வரல. எனக்கே ஆச்சரியமா..."

மறுமுனையில் மகளின் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"அம்மா... அப்பா என்னைக்கும்மா நம்பியிருக்கார்?"

அவள் மெல்லத் திரும்பினாள். மடித்த சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் சந்தித்ததும் அவசரமாகச் சிரித்தார்.

அவளும் சிரித்துவைத்தாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, ஃபோனில் குரலை இறக்கிச் சொன்னாள்:

"நாளைக்கே கிளம்பி வாடி."