காலியான ஃபோல்டர்

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன்க்கா. என் கையாலயே அழிச்சுட்டேன்."

சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் இறங்கி வந்திருந்தார் மாடி வீட்டு அக்கா. போன மாதம்தான் குடிவந்தவர். ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைக் கட்டி மேய்க்கும் வேலை என்று படிக்கட்டில் ஒருநாள் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சை நம்பித்தான் கீழ் வீட்டுக்காரி ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"முதல்ல உக்காரும்மா. என்ன அழிச்ச?"

"பாப்பா பொறந்தப்போ எடுத்த படமெல்லாம். இது பழைய கம்ப்யூட்டர், எப்ப மண்டையைப் போடுமோன்னு பயம். காப்பி எடுத்து வைக்கலாம்னு புது டிஸ்க் வாங்கினேன். நெட்டுல பார்த்து இந்தக் கறுப்புத் திரையில மவுண்ட்னு அடிச்சேன். படம் இருந்த ஃபோல்டர் காலியாயிடுச்சு."

"உங்க அம்மா வீட்டுல ஒண்ணு ரெண்டாவது இருக்குமே?"

"அங்க ஒண்ணுகூட இல்லக்கா."

பேத்தியின் படம் இல்லாத வீடா என்று அக்காவுக்கு ஆச்சரியம். கேட்கிற நேரமா அது?

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"எந்த முகத்தோட சொல்றது? அவராவது தாங்கிப்பார். பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் நேரா இதுக்கு முன்னாலதான் உக்காருவா. ஆடுற பல்லைக்கூட ஆட்டிக்கிட்டே படம் பார்ப்பா. இப்ப வந்துடுவாக்கா."

அக்கா கீபோர்டை இழுத்து ஏதோ தட்டிப் பார்த்தார். பிறகு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"எதுவும் போகல. மவுண்ட்னா மாட்டறது. புது டிஸ்க்கை அந்த ஃபோல்டர் மேலயே மாட்டிட்ட. மேல இருக்கறது கீழ இருக்கறதை மறைக்கும், அவ்வளவுதான். அழிக்காது."

"நிஜமாவா? அழியாதா?"

"அழியாது. மேல வந்தது கொஞ்சம் நகர்ந்து குடுத்தா போதும்."

டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி அடித்தார். முடியாது என்று முரண்டு பிடித்தது.

"நாம அந்த ஃபோல்டருக்குள்ளயே நின்னுக்கிட்டுக் கழட்டச் சொன்னா எப்படிக் கழட்டும்? வெளிய வருவோம்."

மறுபடி அடித்தார். இந்த முறை ஒரு வார்த்தைகூட வரவில்லை.

"ஒண்ணுமே சொல்லலியேக்கா."

"வேலை நல்லபடியா முடிஞ்சா இது வாயே திறக்காது. எங்க வீட்டுல இருக்கறவர் இதுகிட்ட கத்துக்கணும்."

ஃபோல்டரைத் திறந்ததும் திரை முழுக்கப் படங்களின் பெயர்கள் ஓடின. அவள் முகத்தை மூடிக்கொண்டு விசும்பினாள். அக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே முதல் படத்தைத் திறந்தார்.

மருத்துவமனைக் கட்டிலில், துணியில் சுற்றிய குழந்தையை நெஞ்சோடு அணைத்து, களைப்போடு சிரித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அக்கா அந்த முகத்தையும் பக்கத்தில் இருந்தவளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் வேறு வேறு முகங்கள்.

கேட்க வாயெடுப்பதற்குள் கதவு தடாலென்று திறந்தது. பையை வீசிவிட்டு ஓடிவந்த மகள், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு பொக்கை வாயைக் காட்டினாள்.

"அம்மா, பல்லு விழுந்துடுச்சு. கொஞ்சம் தள்ளும்மா, என்னைப் பெத்த அம்மாகிட்டயும் காட்டணும்."