பேய் வரும் வாங்கு

தபோதரன் பாடிக்கொண்டிருந்தபோதே பேய் பின்னால் வந்து நின்றுவிட்டது.

மண்டபத்திலிருந்த பிள்ளைகள் எல்லோரும் கதிரைகளில் ஏறி நின்று "ஹின்ரர் டியர், ஹின்ரர் டியர்" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். உனக்குப் பின்னால், உனக்குப் பின்னால்.

அவன் இடப்பக்கம் திரும்பினான். பேய் வலப்பக்கம் நழுவியது. அவன் வலப்பக்கம் திரும்பினான். பேய் இடப்பக்கம். சிரித்த சிரிப்பில் தீயணைப்புப் படை மண்டபத்தின் கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது.

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்குப் போடும் நத்தார் நாடகத்தில் இப்படியொரு காட்சி இல்லாமல் சரிவராதாம். லோறன்ஸ் அப்படித்தான் சொல்வார். பிரித்தானிய இராணுவத்தோடு ஜெர்மனிக்கு வந்து, முகாமை மூடிய பிறகும் பெண்ணெடுத்த ஊரை விட்டுப் போகாத கிழவர் அவர். டோர்ட்மண்டுக்கு வடக்கே இந்தச் சின்னக் கிராமத்தில், ஊர்ச்சனத்தைச் சேர்த்துக்கொண்டு வருஷா வருஷம் நாடகம் போடுவார்.

விதிகள் மாறாதவை. ஆண் ஒருவன் பெண்வேஷம் கட்ட வேண்டும். மூன்று பேர் ஒரு நீட்டு வாங்குப் பலகையில் அருகருகே இருந்து பயத்தைப் போக்கப் பாட வேண்டும். பேய் பின்னால் வந்து ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு போக வேண்டும். கடைசியாக மிஞ்சுகிற பெண்வேஷக்காரனின் கண்றாவி முகத்தைக் கண்டு பேயே பயந்து ஓட வேண்டும்.

அந்தக் கண்றாவி முகம் இந்த வருஷம் தபோதரனுடையது. மஞ்சள் டோப்பா, தக்காளிக் கன்னம், இடுப்பில் நிற்காத பாவாடை.

போன பங்குனியில் அவன் மனைவி வேணுஜா செத்துப்போனாள். வேலையால் வந்து சோபாவில் சாய்ந்தவள் எழும்பவே இல்லை.

அன்றிலிருந்து அவன் காத்திருக்கிறான். ஊரில் எல்லோருடைய செத்தவர்களும் கனவிலாவது வருகிறார்கள். இவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உயிரோடு இருக்கும்போது மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்தவளா, அவளால் தவறவிட்ட ரயில்கள் கொஞ்சமா என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வான். பிறகு இருந்து அழுவான்.

ஏதோ ஒரு பேயாவது தன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கட்டும் என்றுதான் இந்த வேஷத்துக்கு ஒப்புக்கொண்டான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். சொல்லவில்லை.

முன்வரிசையில் வேணுஜாவின் அக்கா சுலோஜனா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோயிலுக்குள் செருப்போடு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பேய், ஆவி என்று எவராவது வாயெடுத்தால் எரிந்து விழுகிறவள். போனவள் போனவள்தான் என்று செத்த வீட்டிலேயே சொன்னவள். டோர்ட்மண்டிலிருந்து இன்றைக்கு ரயிலேறி வந்ததே சண்டை பிடிக்கத்தான். நாடகம் தொடங்குமுன் ஒப்பனை அறைக்குள் வந்து கேட்டுவிட்டாள்.

"ஆண்டுத் திவசம் இன்னும் முடியேல்லை, தம்பி. அதுக்குள்ள உங்களுக்குப் பாவாடை கட்டி ஆட வேணுமோ?"

அவன் கன்னத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பைப் பூசிக்கொண்டான்.

முதல் ஆளைப் பேய் கொண்டுபோனது. இரண்டாவது ஆளையும் கொண்டுபோனது. வாங்கில் அவன் தனியே இருந்தான். பாடிய குரல் நடுங்கியது. சனம் அதையும் நடிப்பென்று நினைத்துக் கைதட்டியது.

ஹின்ரர் டியர்.

ஒவ்வொரு ஒத்திகையிலும் இந்த இடத்தில்தான் பின்னால் துணி சரசரக்கும். பிடரியில் ஒரு மூச்சுப் படும். அந்தக் கணம் வரைக்கும் அது யாராகவும் இருக்கலாம். திரும்பாதே, திரும்பாதே என்று மனம் கெஞ்சும். ஆனால் திரும்பத்தான் வேண்டும், நாடகம் அப்படி.

திரும்பினான்.

வெள்ளைத் துணியின் ஓட்டைகளுக்குள் பேக்கரிக்காரி பிர்கிட்டின் நீலக் கண்கள். அவள் வீரிட்டுக்கொண்டு மேடையிலிருந்து குதித்து, சனத்தின் நடுவே ஓடி, மண்டபக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். கதவு அவளுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

இந்த முறையும் பிர்கிட்தான்.

தபோதரன் சனத்தின் பக்கம் திரும்பி வாங்கின் நடுவில் உட்கார்ந்தான். விளக்கு அணையும் வரை பேசாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் காட்சி. சிரிப்பு மெல்ல அடங்கியது. பிள்ளைகள் களைத்துப்போய்க் கதிரைகளில் இருந்துவிட்டார்கள். ஒருவரும் கத்தவில்லை.

சுலோஜனா எழுந்து நின்றாள்.

கட்டியிருந்த கை அவிழ்ந்திருந்தது. முகத்திலிருந்த கோபத்தைக் காணவில்லை. அவள் அவனைப் பார்க்கவில்லை, அவனுடைய தோளுக்கு மேலாகப் பார்த்தாள்.

"தம்பி," என்றாள் சின்னக் குரலில், "பின்னாலை."

மண்டபத்தில் வேறு எவருக்கும் அந்தத் தமிழ்ச் சொல் விளங்கவில்லை. இதுவும் நாடகம்தான் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள். திரைமறைவில் நின்ற லோறன்ஸ் திரும்பு, திரும்பு என்று கையைச் சுழற்றினார்.

தபோதரன் திரும்பவில்லை. முகத்தைக் கண்டால் ஓடிவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

வாங்கின் ஓரத்துக்கு மெதுவாக நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் இருக்க இடம் விட்டு, பாட்டை முதலிலிருந்து தொடங்கினான்.